நகம் உடைகிறதா? கால்சியம் மாத்திரை வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கன்னியாகுமரி மாவட்டத்தில் குழித்துறை, மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லைக்கு அந்தப் பக்கம் கேரளத்தில் பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று இந்த வட்டாரத்தில் வாழ்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நகம் தாள் தாளாக உரிகிறது, நுனி பிளக்கிறது, துணி பிழியும்போது மடங்கிவிடுகிறது என்று சொன்னால் ஆளுக்கொரு மருந்து சொல்கிறார்கள். மருந்துக் கடையில் கால்சியம் தருகிறார்கள். பக்கத்து வீட்டில் பூண்டு தேய்க்கச் சொல்கிறார்கள். அழகு நிலையத்தில் நகத்தைக் கெட்டியாக்கும் பூச்சு என்று ஒரு குப்பியை நீட்டுகிறார்கள். என் அக்கா அண்டி ஆபீஸில், அதாவது முந்திரி ஆலையில், பருப்பு உரிக்கிறவர். அவரை அழைத்துக்கொண்டு இதற்காக அலைந்ததில், எந்தச் சோதனை எடுக்க வேண்டும் என்று சொல்ல ஒருவர் கிடைப்பதற்குள் மாத்திரைக்குப் போன பணமும் விடுப்பில் போன கூலியும் சேர்ந்து அந்த வீட்டுக்குப் பெரிய தொகை ஆகிவிட்டது. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

எவ்வளவு செலவாகும், எத்தனை நாள் ஆகும் என்பதை முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அரசு மருத்துவமனை வழியாகப் போனால் பஸ் கட்டணத்துக்கு மேல் பெரிதாகச் செலவில்லை. தனியாரிடம் போனால் தேவையான சோதனைகளுக்குச் சுமார் 900 முதல் 1,700 ரூபாய் வரை வைத்துக்கொள்ளுங்கள். நகம் சரியானதைக் கண்ணால் பார்க்க ஆறு மாதம் ஆகும். இரண்டு வாரத்தில் பலன் என்று சொல்லி எதையாவது விற்றால் வாங்காதீர்கள்.

1. கை நகத்தையும் கால் நகத்தையும் சேர்த்துப் பாருங்கள்

நகப்பூச்சு இருந்தால் எடுத்துவிடுங்கள். கல்யாண வீட்டில் வைத்த மருதாணி நகத்தில் இருந்தால் அதன் சிவப்பு நகம் வளர்ந்து வெட்டுப்படும்வரை போகாது. அந்த விரலை விட்டு மற்ற விரல்களைப் பாருங்கள். பகல் வெளிச்சத்தில் இரண்டு கைகளையும் இரண்டு கால்களையும் கைபேசியில் படம் எடுத்து, தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவரிடம் காட்டவும், பிறகு ஒப்பிட்டுப் பார்க்கவும் இந்தப் படம்தான் உதவும்.

இப்போது ஒரு கேள்விக்கு விடை தேடுங்கள்: கை நகம் மட்டும் கெட்டிருக்கிறதா, கால் நகமும் சேர்ந்து கெட்டிருக்கிறதா? கால் நகம் நன்றாக இருந்து கை நகம் மட்டும் பிளந்தால், காரணம் பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறது: தண்ணீர், சோப்பு, வேலையிடத்து ரசாயனம். இரண்டும் மெலிந்து உடைந்தால் உடம்புக்குள் தேட வேண்டும். இது முடிந்த முடிவல்ல. ஆனால் எங்கிருந்து தொடங்குவது என்று காட்டிவிடும்.

நகத்தின் நடு குழிந்து, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் வழியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். கரண்டி போலக் குழிந்த அந்த நகம் இரும்புச்சத்துக் குறைவின் பழைய அடையாளம். எண்ணெயும் ஆசிட்டும் கையில் படும் வேலையிலும் நகம் இப்படிக் குழியலாம் என்பதால், சோதனை இல்லாமல் முடிவு கட்டாதீர்கள். நகத்தில் இருக்கும் சின்ன வெள்ளைப் புள்ளிகள் பெரும்பாலும் எங்கோ இடித்ததால் வருபவை. அவை கால்சியம் குறைவைக் காட்டுவதில்லை. வயதாகும்போது வரும் நெடுக்குக் கோடுகளுக்கும் கவலை வேண்டாம். எல்லா விரலிலும் ஒரே உயரத்தில் குறுக்காகப் பள்ளம் விழுந்திருந்தால், சில மாதங்களுக்கு முன் பெரிய காய்ச்சலோ அறுவைச் சிகிச்சையோ நடந்ததா என்று நினைத்துப் பாருங்கள். அப்போது நின்ற வளர்ச்சியின் தடம் அது. நகம் வளர வளரத் தானே வெளியே போய்விடும்.

2. கையில் படுவதை முதலில் நிறுத்துங்கள்

சாப்பாட்டுக்கு வருவதற்கு முன் இதைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கள் பக்கத்து வேலைகள் நகத்தைத் தின்பவை. ரப்பர் பாலை உறைய வைக்க ஃபார்மிக் ஆசிட் ஊற்றுகிறோம். பால் வெட்டி வந்து, தகரத் தட்டில் பாலை ஊற்றி, வெறும் கையால் கலக்குகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். அண்டித் தோட்டில் இருக்கும் எண்ணெய் தோலையே பொசுக்கும். அதனால்தான் தோடு உடைக்கிறவர்கள் கையில் சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொள்கிறார்கள். மீன் கழுவுகிறவர்கள், ஓட்டலில் பாத்திரம் தேய்க்கிறவர்கள் கை நாள் முழுக்க நனைந்து காய்ந்து நனைகிறது. நனையும்போது நகம் ஊதுகிறது, காயும்போது சுருங்குகிறது. இது திரும்பத் திரும்ப நடந்தால் நக அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடுகின்றன. எவ்வளவு மீன் சாப்பிட்டாலும் இதைச் சரிசெய்ய முடியாது.

ரப்பர் கையுறை போடுங்கள். உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை இருந்தால் வியர்வை தேங்காது. இரவில் படுக்கும் முன் நகத்திலும் அதைச் சுற்றிய தோலிலும் தேங்காய் எண்ணெய் தேயுங்கள். நகத்தைக் குட்டையாக வெட்டி வையுங்கள். நகப்பூச்சை அழிக்கும் அசிட்டோன் திரவம் நகத்தின் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் வாராவாரம் பூச்சு மாற்றும் பழக்கம் இருந்தால் சில மாதம் நிறுத்துங்கள்.

3. சோதனை: எதை எடுப்பது, எங்கே எடுப்பது, என்ன கொண்டுபோவது

ஆள் அலைக்கழிக்கப்படும் இடம் இதுதான்.

தேவையான சோதனைகள் மூன்று. ஒன்று, ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கை, அதாவது சி.பி.சி.; ஹீமோகுளோபின் இதற்குள் வந்துவிடும். இரண்டு, ஃபெரிட்டின், உடம்பில் சேமிப்பில் இருக்கும் இரும்பின் அளவை இது காட்டும். மூன்று, தைராய்டுக்கான டி.எஸ்.எச். சோதனை. தைராய்டு குறைந்தாலும் நகம் மெலிந்து உடையும். முடி கொட்டுவது, எடை கூடுவது, அசதி எல்லாம் கூடவே இருந்தால் இதை விடாதீர்கள். மீன், முட்டை, பால் எதுவும் தொடாதவர்கள் மருத்துவரிடம் கேட்டு வைட்டமின் பி12 சோதனையும் சேர்த்துக்கொள்ளலாம். எங்கள் பக்கத்துத் தனியார் ஆய்வகங்களில் சி.பி.சி. சுமார் 200 முதல் 400 ரூபாய், ஃபெரிட்டின் சுமார் 500 முதல் 900 ரூபாய், டி.எஸ்.எச். சுமார் 200 முதல் 400 ரூபாய் என்று இருக்கும். கடைக்குக் கடை மாறும்; ரத்தம் கொடுக்கும் முன் விலை கேளுங்கள்.

ஹீமோகுளோபினை மட்டும் பார்த்து, எல்லாம் சரி என்று அனுப்பிவிடுவார்கள். அங்கேதான் பலருக்கும் வழி அடைபடுகிறது. சேமிப்பு இரும்பு முதலில் தீரும். அதற்குப் பிறகே ஹீமோகுளோபின் இறங்கும். ஆகவே ஹீமோகுளோபின் சரியாக இருந்தும் ஃபெரிட்டின் தரைமட்டத்தில் இருக்கலாம். என் அக்காவுக்கு அப்படித்தான் இருந்தது. ஃபெரிட்டின் வேண்டும் என்று நீங்களே வாய்விட்டுக் கேளுங்கள். கேட்பதில் மரியாதைக் குறைவு எதுவும் இல்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி கர்ப்பிணி அல்லாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் கீழும், ஆண்களுக்கு 13 கிராமுக்குக் கீழும், கர்ப்பிணிகளுக்கு 11 கிராமுக்குக் கீழும் (நடு மூன்று மாதங்களில் மட்டும் 10.5 கிராமுக்குக் கீழும்) இருந்தால் ரத்தசோகை. பெரியவர்களுக்கு ஃபெரிட்டின் மில்லிலிட்டருக்கு 15 நானோகிராமுக்குக் கீழே இருந்தால் இரும்புக் குறைவு. 30-க்குக் கீழே இருந்தாலே சிகிச்சை தொடங்கும் மருத்துவர்கள் பலர். காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் பொய்யாக ஏறிக் காட்டும். மழைக்காலத்தில் டெங்குவும் எலிக்காய்ச்சலும் ஓடும் ஊர் இது. காய்ச்சல் விட்டு சில வாரம் கழித்து எடுங்கள். இந்த மூன்று சோதனைகளுக்கும் வெறும் வயிறு தேவையில்லை. சர்க்கரைச் சோதனை சேர்ந்தால் மட்டும் தேவைப்படும்.

பயோட்டின் (பி வகை வைட்டமின்களில் ஒன்று) மாத்திரை அல்லது முடி, தோல், நகத்துக்கான மாத்திரை சாப்பிடுகிறீர்களானால் ரத்தம் கொடுக்கும் முன் மருத்துவரிடம் சொல்லுங்கள். பயோட்டின் சில ஆய்வக முறைகளைக் குழப்பி, தைராய்டு முடிவையும் மாரடைப்பு நேரத்தில் எடுக்கும் ட்ரோபோனின் முடிவையும் தவறாகக் காட்டும். அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-இலேயே இதைப் பற்றி எச்சரித்தது. குறைந்தது இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்தும்படி வழக்கமாகச் சொல்வார்கள். பெரிய அளவில் எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல் நாள் தேவைப்படும்.

இனி, எங்கே போவது. தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பவர்கள் முதலில் அருகிலுள்ள துணை சுகாதார நிலையத்துக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போங்கள். கிராம சுகாதாரச் செவிலியர் ஹீமோகுளோபின் பார்ப்பார். இரும்பு மாத்திரை இலவசம். ஃபெரிட்டின் அங்கே கிடைக்காமல் போகலாம். அப்போது குழித்துறை அரசு மருத்துவமனை, தக்கலை அரசுத் தலைமை மருத்துவமனை, ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி என்ற வரிசையில் மேலே போகலாம். கேரளப் பக்கம் இருப்பவர்களுக்குக் குடும்ப சுகாதார மையம், அதற்கு மேல் நெய்யாற்றின்கரை, அதற்கு மேல் திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி. மருத்துவக் கல்லூரிக்கு நேரே போய் நிற்பதைவிடக் கீழே இருக்கும் மருத்துவரிடம் பரிந்துரைச் சீட்டு வாங்கிப் போனால் பாதி நாள் மிச்சம்.

கையில் இருக்க வேண்டியவை: ஆதார் அட்டை, பழைய மருந்துச் சீட்டுகள், பழைய ரத்த முடிவுகள், இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் அட்டைகள், நீங்கள் எடுத்த நகப் படங்கள். கேரள அரசு மருத்துவமனைகளில் மின்னணு முறையில் அடையாள எண் போட்டுத் தருகிறார்கள். ஆதாரோடு இணைந்த கைபேசியும் கூடவே இருக்கட்டும், ஓ.டி.பி. அதற்குத்தான் வரும். கைபேசியைப் பிள்ளையிடம் வீட்டில் கொடுத்துவிட்டு வந்து வரிசையில் திண்டாடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். மருத்துவக் காப்பீட்டு அட்டையை நம்பிப் போகாதீர்கள். இரு மாநிலத்திலும் அந்தத் திட்டங்கள் பெரும்பாலும் படுக்கையில் சேர்ந்து எடுக்கும் சிகிச்சைக்கானவை. வெளிநோயாளியாக எடுக்கும் ரத்தச் சோதனைக்கு உதவுவதில்லை.

அண்டி ஆபீஸிலும் மற்றத் தொழிற்சாலைகளிலும் வேலை செய்கிறவர்கள் இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீடு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை உள்ளவர்களுக்கு இது பொருந்தும். உங்கள் கூலியில் 0.75 சதவீதமும் முதலாளி பங்காக 3.25 சதவீதமும் அதற்குப் போகின்றன. கூலிச் சீட்டில் அந்தப் பிடித்தம் இருந்தால் இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் ஆலோசனை, மருந்து, சோதனைகளுக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டியதில்லை. எந்த மருந்தகத்தோடு உங்கள் பெயரை இணைத்திருக்கிறார்கள் என்று அட்டையைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். வேலை எல்லைக்கு அந்தப் பக்கமும் வீடு இந்தப் பக்கமுமாக இருப்பவர்களுக்கு மருந்தகம் தொலைவில் விழுந்திருக்கலாம். மாற்றித் தரும்படி அலுவலகத்தில் கேட்கலாம். மாதாமாதம் கூலியிலிருந்து பணம் கொடுத்துவிட்டு, தனியாரிடம் மறுபடி பணம் கட்டும் பெண்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

4. இரும்பு குறைவு என்று வந்தால்

மாத்திரை தொடங்கும்போதே, இரும்பு ஏன் குறைந்தது என்ற கேள்வியையும் மருத்துவரிடம் கேளுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் அதிக மாதவிடாய்ப் போக்கு காரணமாக இருக்கும். பல வருடமாக அப்படியே இருப்பதால் அதை இயல்பு என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் இருப்பார்கள். தோட்டத்தில் வெறுங்காலோடு நடக்கிறவர்களுக்குக் கொக்கிப்புழு இருக்கலாம். மண்ணிலிருந்து காலின் தோல் வழியாக ஏறிக் குடலில் ரத்தம் குடிக்கும் புழு அது. ஆண்களுக்கும், மாதவிடாய் நின்ற பெண்களுக்கும் இரும்பு குறைந்தால் வயிற்றுப்புண், மூலம், குடலில் கட்டி என்று எங்கேயோ ரத்தம் கசிகிறதா என்று கட்டாயம் தேட வேண்டும். அவர்கள் மாத்திரையோடு நின்றுவிடக் கூடாது.

அளவை மருத்துவர் சொல்வார். விழுங்கும் முறைக்கு வருவோம். இரும்பு மாத்திரையைச் சாயாவோடும் காப்பியோடும் பாலோடும் விழுங்காதீர்கள். எலுமிச்சை பிழிந்த தண்ணீர் நல்லது. கால்சியம் மாத்திரையும் எடுப்பவர்கள் இரண்டு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். தைராய்டு மாத்திரைக்கும் இரும்புக்கும் நடுவே நான்கு மணி நேரம் வேண்டும். காலையில் தைராய்டு மாத்திரை என்றால் இரும்பு மாத்திரையை மத்தியானத்துக்கு மேல் வைத்துக்கொள்வது வசதி. மலம் கருப்பாகப் போகும், சிலருக்கு மலச்சிக்கலும் குமட்டலும் வரும். இதனால் பாதியில் நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். நிறுத்தாமல் மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள் எடுக்கும்படியோ வேறு வகை மாத்திரைக்கோ மாற்றுவார். ஹீமோகுளோபின் ஏறிவிட்டது என்று தெரிந்த பிறகும் சேமிப்பு நிறைய இன்னும் சுமார் மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும்.

குடும்பத்தில் தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் இரும்பு எடுக்கக் கூடாது. மாத்திரை அட்டையைச் சிறு பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். சிவப்பாக, மிட்டாய் போல இருக்கும் அந்த மாத்திரைகளைக் குழந்தை ஒரு பிடி விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

பள்ளியில் படிக்கும் வளரிளம் பருவப் பிள்ளைகளுக்கு வாரம் ஒரு நீல மாத்திரை தருகிறார்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் அதில் இருக்கும். ஒன்று முதல் 19 வயது வரை உள்ளவர்களுக்குத் தேசியக் குடற்புழு நீக்க நாளில், பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 தேதிகளை ஒட்டி, புழு மாத்திரையும் தருகிறார்கள். பெண் பிள்ளைகள் நீல மாத்திரையைப் பையில் போட்டுக் கொண்டுவந்து குப்பையில் எறிவது நடக்கிறது. கேட்டுப் பாருங்கள்.

5. சாப்பாட்டில் மாற்ற வேண்டியவை

நகம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனது. கந்தகம் உள்ள அமினோ அமிலங்கள் சேர்ந்து அதைக் கெட்டியாக்குகின்றன. அதற்குப் புரதம் வேண்டும், நகம் முளைக்கும் இடத்துக்கு ரத்தம் நன்றாகப் போக வேண்டும், அதற்கு இரும்பு வேண்டும், துத்தநாகமும் வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-இல் வெளியிட்ட பரிந்துரைப்படி ஒரு நாளைக்குப் பெண்ணுக்கு 29 மில்லிகிராம் இரும்பு, ஆணுக்கு 19 மில்லிகிராம். புரதம் உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம், 55 கிலோ பெண்ணுக்கு 46 கிராம் அளவில் வரும்.

எங்கள் சாப்பாட்டில் மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, முன்னால் நிற்கிறது. எனக்கும் அதைவிடப் பிடித்த சாப்பாடு இல்லை; விடச் சொல்லவும் மாட்டேன். ஆனால் வேகவைத்த மரச்சீனி 300 கிராம் சாப்பிட்டால் நான்கு கிராம் அளவுதான் புரதம் கிடைக்கும். மரச்சீனியும் மிளகாய்ச் சம்மந்தியும் கட்டன் சாயாவும் என்று ஒரு வேளை முடிந்துவிட்டால் நகத்துக்கு அதில் ஒன்றுமில்லை. அதே தட்டில் 100 கிராம் சாளை (மத்தி மீன்) வந்தால் 20 கிராம் புரதம், கூடவே துத்தநாகமும் பி12-ம் வந்துவிடும். சாளைக்கு விலை ஏறும் மாதங்களில் நெத்திலி பாருங்கள். வேகவைக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் மரச்சீனியை எடுக்க வேண்டும் என்பது இங்கே எல்லா வீட்டிலும் தெரிந்தது. மரச்சீனியில் உள்ள அந்தக் கட்டை, அதாவது சயனைடு நஞ்சை, முறிக்க உடம்பு செலவிடுவதும் கந்தக அமினோ அமிலங்களைத்தான் என்பது எனக்கே பிறகு தெரியவந்தது. புரதம் குறைவாகச் சாப்பிட்டு மரச்சீனி அதிகமாகச் சாப்பிடுகிறவர்கள் இதைக் கருத்தில் கொள்ளுங்கள்.

ஒரு நாள் கணக்கு இப்படிப் போடலாம். அரிசி 250 கிராம் என்றால் சுமார் 17 கிராம் புரதம். மீன் 100 கிராம், 20 கிராம். கஞ்சிக்குச் சிறுபயறு 50 கிராம், 12 கிராம். மொத்தம் 49. ஒரு பெண்ணுக்கு இது போதும். மீன் சாப்பிடாதவர்கள் இரண்டு முட்டை வைத்தால் 12 கிராம். முட்டையும் இல்லை என்றால் காணம் (கொள்ளு), பயறு, துவரம்பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றில் இரண்டாவது தினமும் தட்டில் இருக்க வேண்டும். தமிழ்நாட்டு ரேஷனில் துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய்க்குக் கிடைக்கிறது. அட்டை இருந்தும் வாங்காமல் விடாதீர்கள். பயறை முளைகட்டினால் இரும்பு உடம்பில் சேர்வதைத் தடுக்கும் ஃபைட்டேட் குறையும்.

ரேஷன் அரிசியில் செறிவூட்டிய அரிசி கலந்து வரும்போது, நிறம் சற்று மாறிய மணிகளைப் பிளாஸ்டிக் அரிசி என்று பொறுக்கி எறிகிறவர்கள் பல வீட்டில் இருக்கிறார்கள். அவை அரிசி மாவில் இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்து அரிசி வடிவில் செய்தவை. நூறு மணிக்கு ஒன்று என்ற அளவில் கலந்திருக்கும். எறியாதீர்கள். தண்ணீர் விட்டு விட்டு அதிகம் கழுவவும் வேண்டாம்.

இப்போது சாயா. இதில் நான் கொஞ்சம் பிடிவாதமாகவே இருப்பேன். சாயாவிலும் காப்பியிலும் உள்ள பாலிஃபீனால்கள் குடலில் இரும்பைப் பிடித்துக்கொண்டு உடம்பில் சேரவிடாமல் செய்கின்றன. பருப்பு, கீரை, அரிசி வழியாக வரும் இரும்பு ஏற்கெனவே குறைவாகத்தான் சேரும்; அதோடு சேர்த்துக் குடிக்கும் சாயா அதையும் குறைத்துவிடுகிறது. விடியும் முன் பால் வெட்டப் போகிறவர்கள் கடுங்காப்பி குடிக்காமல் போவதில்லை, தெரியும். வெறும் வயிற்றில் குடித்துவிட்டுப் போங்கள், குறையில்லை. சாப்பாட்டோடு குடிக்காதீர்கள், சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது கழியட்டும். புட்டும் பயறும் தின்றுகொண்டே சாயா உறிஞ்சும் பழக்கத்தை மாற்றுவது கடினம். என் அக்காவுக்கும் எளிதாக இல்லை. சாயா நேரத்தைப் பதினொரு மணிக்குத் தள்ளி வைத்தது அவருக்கு ஒத்துவந்தது.

சாயா இருந்த இடத்தில் புளிப்பு வரட்டும். நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா இவற்றில் ஏதாவது ஒன்று சாப்பாட்டோடு இருந்தால் அதில் உள்ள வைட்டமின் சி இரும்பு சேர உதவும். முருங்கைக்கீரைத் தோரன் நல்லதுதான். ஆனால் கீரை மட்டும் போதும் என்று நம்பி ஃபெரிட்டின் குறைந்தவர்கள் மாத்திரையைத் தள்ளிப்போடக் கூடாது. கீரையோடு ஒரு துண்டு மீனோ இறைச்சியோ சேர்ந்தால் கீரையின் இரும்பும் கூடுதலாகச் சேரும். புளி சேர்ந்த குழம்பை இரும்புச் சட்டியில் வைத்தால் சட்டியிலிருந்தும் கொஞ்சம் இரும்பு இறங்கும்.

எடை குறைக்க ஒரு வேளை மட்டும் சாப்பிடுகிறவர்கள், பிரசவத்துக்குப் பிறகு பத்தியம் என்று மீனையும் முட்டையையும் தள்ளி வைக்கப்பட்ட பெண்கள் இவர்களுக்கும் நகம் சீக்கிரம் மெலியும். இரண்டாவது வகையினருக்காக வீட்டில் பெரியவர்களிடம் பேச வேண்டியிருக்கும். செவிலியரை வீட்டுக்கு வந்து சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னால் கேட்பார்கள்.

6. கடையில் விற்பவற்றில் எதை வாங்கலாம்

கால்சியம்: எலும்புக்குத் தேவை என்று மருத்துவர் சொன்னால் எடுங்கள். நகத்தில் கால்சியம் மிகச் சொற்பம். நகத்தின் உறுதி அதனால் வருவதில்லை.

பயோட்டின்: நாளைக்கு 2.5 மில்லிகிராம் எடுத்தவர்களுக்கு நகம் தடித்ததாகச் சில சிறிய ஆய்வுகள் உண்டு. ஆனால் நமக்குத் தினசரி தேவை சுமார் 30 மைக்ரோகிராம்தான். முட்டை, நிலக்கடலை, மீன் சாப்பிடுகிறவர்களுக்குக் குறைவு வருவது அபூர்வம். கடையில் 10 மில்லிகிராம் மாத்திரை விற்கிறார்கள். ஃபெரிட்டின் பார்க்காமல் இதற்கு மாதாமாதம் பணம் கொடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. முட்டையைப் பச்சையாகக் குடிக்கிறவர்கள் வேகவைத்துச் சாப்பிடுங்கள். பச்சை வெள்ளைக்கருவில் உள்ள அவிடின் பயோட்டினைக் கட்டிப்போட்டுவிடும்.

செலினியம் சேர்ந்த சத்து மாத்திரைகளில் கவனம் வேண்டும். அளவுக்கு மேல் போனால் அதுவே நகத்தை உடைக்கும், முடியையும் கொட்டவைக்கும்.

இரும்பு மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தபின் வெளியில் வாங்க நேர்ந்தால், மக்கள் மருந்தகம், தமிழ்நாட்டில் 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகம், கேரளத்தில் காருண்யா இவற்றில் கேளுங்கள். அதே மருந்து பெயர்பெற்ற நிறுவன மாத்திரையைவிட மலிவாகக் கிடைக்கும்.

7. நாள் கணக்கு

கை நகம் மாதத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் வளர்கிறது. அடியிலிருந்து நுனி வரை புதிதாக வர ஆறு மாதம் ஆகும். கால் நகம் அதில் பாதி வேகம். கட்டைவிரல் நகம் முழுதாக மாற ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம். இன்று நீங்கள் பார்க்கும் உடைந்த நுனி பல மாதங்களுக்கு முன் அடியில் முளைத்தது. இன்று சாப்பிடும் மீன் அதைத் தொடப்போவதில்லை. எனவே நுனியைப் பார்க்காமல் அடிப்பகுதியைப் பாருங்கள். இரண்டாம் மாதம், மூன்றாம் மாதம் தோலை ஒட்டி வரும் புதிய பகுதி வழுவழுப்பாக, சமமாக வருகிறதா என்று பழைய படத்தோடு ஒப்பிடுங்கள்.

மாத்திரை தொடங்கி ஒரு மாதம் கழித்து ஹீமோகுளோபினையும், மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினையும் மறுபடி பார்ப்பது வழக்கம். முதலில் எடுத்த அதே ஆய்வகத்தில் எடுங்கள். முறையும் அளவுகோலும் ஆய்வகத்துக்கு ஆய்வகம் மாறுவதால் வேறு இடத்து எண்ணோடு ஒப்பிட்டால் குழம்பிப்போவீர்கள். ஒரு மாதத்தில் ஹீமோகுளோபின் அசையவே இல்லை என்றால் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா, சாயா குறுக்கே நிற்கிறதா, எங்காவது ரத்தம் கசிகிறதா என்று மருத்துவரோடு உட்கார்ந்து பேச வேண்டும்.

8. தோல் மருத்துவரிடம் நேரே போக வேண்டியவை

ஒரே விரலில் கருப்பு அல்லது பழுப்புக் கோடு நெடுக்காக வந்து அகலமாகிக்கொண்டே போனால் தள்ளிப்போடாதீர்கள்; புற்றுநோய் இல்லை என்று உறுதி செய்ய வேண்டிய அடையாளம் அது. விரல் நுனி பருத்து நகம் வளைந்து உருண்டால் நுரையீரல், இதயம் பார்க்க வேண்டும். அதற்குப் பொது மருத்துவர் போதும். ஊசியால் குத்தியது போன்ற சிறு பள்ளங்கள் பல இருந்தால் சோரியாசிஸ் என்ற தோல் நோயாக இருக்கலாம். நகம் சதையிலிருந்து தூக்கிக்கொண்டாலும், ஓரத்தில் சீழ் பிடித்தாலும், நிறம் பச்சையானாலும் சாப்பாட்டால் சரியாகாது.

கால் கட்டைவிரல் நகம் மஞ்சளாகித் தடித்து உதிர்ந்தால் பெரும்பாலும் பூஞ்சை. அதற்கு மாதக்கணக்கில் மாத்திரை எழுதுவார்கள், கல்லீரலையும் கவனிக்க வேண்டியிருக்கும். எனவே நகத்தைச் சுரண்டிப் பார்க்கும் கே.ஓ.எச். சோதனை செய்து பூஞ்சைதான் என்று உறுதியான பிறகே தொடங்கச் சொல்லுங்கள். சோதனைக்குப் போகும் முன் கடையில் வாங்கிய பூஞ்சைக் களிம்பைத் தடவிக்கொண்டே இருந்தால் பூஞ்சை இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம். களிம்பை எப்போது நிறுத்துவது என்று மருத்துவரிடம் கேட்டு, அதற்கேற்ப நாள் குறித்துக்கொள்ளுங்கள். அன்று நகத்தை ஒட்ட வெட்டிக்கொண்டு போகாதீர்கள். சுரண்டி எடுக்க அவர்களுக்குக் கொஞ்சம் நகம் மிச்சம் இருக்க வேண்டும்.